சில்லுத் தெரிவு முனையும் சாதன இயக்கியும்

மாணவர்களே! ஓர் இலத்திரனியல் கருவியினுள்ளே பல சில்லுகள் ஒரே கம்பிகளைப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்வாறாயின் முறைவழியாக்கி அனுப்பும் தரவு எந்தச் சில்லுக்குரியது என்பது எவ்வாறு தீர்மானிக்கப்படுகின்றது? இவ்வினாவுக்கு விடை தருவதே சில்லுத் தெரிவு முனை ஆகும்.

1. அடிப்படை

1980களில் மோட்டோரோலா நிறுவனம் உருவாக்கிய எஸ்.பி.ஐ. இணைப்பு முறையை உதாரணமாகக் கொள்வோம். கடிகாரக் கம்பி, தரவு செல்லும் கம்பி, தரவு வரும் கம்பி ஆகிய மூன்றும் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவானவை. தெரிவுக் கம்பி மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனியானது. வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்த மாணவன் மட்டும் எழுந்து விடை சொல்வது போன்றதே இது.

பெரும்பாலான சில்லுகளில் 0 என்பதே "தெரிவு செய்யப்பட்டது" எனப் பொருள்படும். 1 என்றால் அச்சில்லு மௌனமாக இருக்கும். மாணவர் பலர் தடுமாறும் இடம் இதுவே.

2. உண்மை அட்டவணை

றாஸ்பெரி பை சிறுகணினியின் முதலாவது எஸ்.பி.ஐ. இணைப்பில் வழமையாக இரு தெரிவு முனைகள் உள்ளன: ஜீ.பி.ஐ.ஓ. 8, ஜீ.பி.ஐ.ஓ. 7.

முனை 8 | முனை 7 | விளைவு
1 | 1 | எதுவும் தெரிவாகவில்லை
0 | 1 | முதலாம் சில்லு
1 | 0 | இரண்டாம் சில்லு
0 | 0 | இரண்டும்: தவறு

இறுதி நிலையில் ஒரு சில்லு 0 ஐயும் மற்றையது 1 ஐயும் ஒரே கம்பியில் செலுத்தக்கூடும். அப்போது தரவு பிழைக்கும். மிகையான மின்னோட்டம் பாய்ந்து சில்லுகள் பழுதடையவும் இடமுண்டு.

3. சாதன இயக்கி செய்ய வேண்டியவை

(அ) எல்லாத் தெரிவு முனைகளையும் முதலில் 1 என்ற பெறுமானத்துடன் வருவிளைவு முனைகளாக்குதல். இயக்கி தொடங்கும் முன்னர் முனை நிலையற்றிருக்கும். ஆதலால் 10 கிலோஓம் அளவான தடையி ஒன்றினால் அதனை 3.3 வோல்ற்று வழங்கலுடன் இணைப்பது வழக்கம்.
(ஆ) தெரிவு நிலை 0 ஆ 1 ஆ என்பதைக் குறிப்பிடுதல்.
(இ) சில்லுக்கு இலக்கமிடுதல். லினக்ஸில் "0.1" எனக் குறித்தால், 0 ஆம் இணைப்பின் 1 ஆம் தெரிவு முனை என்பது கருத்து. எண்ணல் 0 இல் தொடங்குவதைக் கவனிக்க.
(ஈ) முனையை 0 ஆக்கி, தரவு முழுவதையும் அனுப்பி முடித்த பின்னரே மீண்டும் 1 ஆக்குதல். இடையில் 1 ஆக்கினால் சில்லு அக்கட்டளையைக் கைவிடும்.

4. மாதிரி வினா

ஒரு கருவியில் நினைவகச் சில்லு ஒன்று மாத்திரம் உள்ளது. தரவு வரும் கம்பி தடையி ஒன்றினூடாக 3.3 வோல்ற்றுடன் இணைக்கப்பட்டுள்ளது. வாசிக்கும் ஒவ்வொரு பைற்றும் 255 எனவே வருகின்றது. காரணம் யாது?

விடை: 255 இன் துவித வடிவம் 11111111 ஆகும். சில்லு விடையளிக்காததால் தடையி கம்பியை 1 இல் வைத்திருக்கின்றது. தெரிவு முனையின் இலக்கம் தவறாக இருக்கலாம். அல்லது (ஆ) இல் தெரிவு நிலை தலைகீழாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். சில்லு பழுதென முடிவுசெய்து கழற்றும் முன்னர் இவ்விரண்டையும் சரிபார்க்க வேண்டும்.

நினைவிற் கொள்க: ஒரு வேளையில் ஒரு சில்லு மட்டுமே, தெரிவுக்கு 0, ஓய்வுக்கு 1.