குற்றம் புரிந்த பிள்ளை

கடையொன்றிற் களவெடுக்கின்றான் ஒரு பையன். இன்னொருவன் தந்தையின் அடிக்கு அஞ்சி வீட்டைவிட்டோடித் தெருவில் அலைகின்றான். முன்னவனைத் தண்டிக்க வேண்டும், பின்னவனைக் காக்க வேண்டும் என்பது உலக வழக்கு. இருவரையும் அந்நிலைக்குக் கொணர்ந்த காரணம் ஒன்றாகவே இருக்கலாம் என்ற ஐயம் எழுவதற்கு நெடுங்காலம் சென்றது.

ஸ்கொத்லாந்தில் அந்த ஐயத்தை முறையாக ஆராய்ந்தது, கில்பிரண்டன் பிரபு என்னும் நீதிபதியின் தலைமையில் 1961இல் அமைந்த குழுவாகும். குற்றவாளியாக வரும் பிள்ளைக்கும் பராமரிப்பின்றி வரும் பிள்ளைக்கும் இடையேயுள்ள வேறுபாடு மேலோட்டமானதே என்று 1964இல் அதன் அறிக்கை கூறிற்று. இருவருடைய வளர்ப்பிலும் ஏதோ குறை நேர்ந்திருக்கின்றது; அக்குறையை நீக்குவதே செய்யத்தக்கது. நோயாளியைப் பாராது, குற்றப்பத்திரத்தைப் பார்த்து மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் வைத்தியனும் உண்டோ?

அவ்வறிக்கையின் வழியே 1968இல் சட்டம் பிறந்தது. 1971 ஏப்ரிலில் சிறுவர் விசாரணை மன்றுகள் இயங்கத் தொடங்கின. பொதுமக்களிடமிருந்து தெரிந்து பயிற்றப்பட்ட தொண்டர் மூவர், பிள்ளை, பெற்றோர், சமூகசேவை அலுவலர் ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். கூண்டில்லை, நீதிபதியின் அங்கியுமில்லை. பிள்ளை அச்செயலைச் செய்தானா என்பதிற் பிணக்கிருப்பின், சான்றுகொண்டு அதைத் தீர்ப்பது ஷெரீப் எனப்படும் நீதிபதியின் பொறுப்பு. இனி அவனுக்கு வேண்டியது யாது என்பதையே மன்று ஆராயும். மிகப் பாரதூரமான குற்றங்கள் மட்டும் வழக்கமான நீதிமன்றுக்குச் செல்லலாம்.

இந்தப் பிரிப்பு அற்பமானதன்று. சிக்காகோவில் 1899இல் தோன்றிய சிறுவர் நீதிமன்றும் அன்பின் பேரால் எழுந்ததே. ஆயினும் 1964இல் அரிசோனா மாநிலத்தில், தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று 15 வயதுப் பையனொருவனை, 21 வயதுவரை சீர்திருத்தப் பாடசாலையில் வைத்திருக்கலாமெனக் கட்டளையிட்டனர். முறையிட்ட பெண் நீதிபதி முன் வரவேயில்லை. வளர்ந்தவன் ஒருவன் அதைச் செய்திருந்தால், கூடியது 50 டொலர் தண்டம் அல்லது இரண்டு மாதச் சிறை! பிள்ளைகளுக்கும் சட்டத்தரணியின் துணை உண்டென்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1967இல் அவ்வழக்கிலேயே தீர்த்தது.

ஸ்கொத்லாந்தின் மன்றுகளும் குறையற்றவையல்ல. 1998இல் எடின்பரோவில் இடைநிலைப் பள்ளியிற் சேர்ந்த ஏறக்குறைய 4,300 பிள்ளைகளை ஓர் ஆய்வு ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. ஒத்த இயல்பினருள், மன்றுவரை இழுக்கப்பட்டவர்களைவிட, இழுக்கப்படாதவர்களே தீச்செயலைக் கூடுதலாகக் கைவிட்டனர். ஒருமுறை பெயர் கெட்ட பிள்ளையையே அதிகாரிகளின் கண் மீண்டும் மீண்டும் நாடிற்று.

வயதைப் பற்றிய மாற்றமோ மிகப் பிந்தியே வந்தது. இலங்கையைப்போலவே அங்கும் எட்டு வயதுப் பிள்ளை குற்றப் பொறுப்புடையவனாயிருந்தான். இலங்கை 2018இல் அவ்வயதைப் 12 ஆக உயர்த்தியது. ஸ்கொத்லாந்து 2019இல் இயற்றிய சட்டம் 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டோரை இளங்குற்றவாளிச் சிறையில் வைப்பதை 2024 ஆகஸ்டில் அந்நாடு நிறுத்தியது. அடைத்து வைத்தே ஆகவேண்டியவர்கள் இப்போது காவலுள்ள பராமரிப்பில்லங்களுக்குச் செல்கின்றனர். அங்கே வகுப்பறை உண்டு, ஆற்றுப்படுத்துநர் உண்டு. கதவும் பூட்டியே இருக்கும்.