உணவைக் குறைத்தும் கொலஸ்ட்ரால் குறையவில்லையா? மரபணுவும் காரணமாகலாம்!

உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி இரண்டையும் கடைப்பிடித்தும் சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கொலஸ்ட்ரால் குறைவதில்லை. இதற்கு மரபணுக் குறைபாடு காரணமாக இருக்கலாம்.

ரத்தத்தில் உள்ள எல்டிஎல் கொழுப்பைக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகள் பிடித்து அகற்றுகின்றன. இந்த ஏற்பிகளை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால், கொழுப்பு ரத்தத்திலேயே தங்கி, இளம் வயதிலேயே இதயத் தமனிகளில் படிகிறது. இதைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகியோருக்கு 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பெற்றோரில் ஒருவருக்கு இக்குறைபாடு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கான வாய்ப்பு 50 சதவீதம்.

முதல் கொழுப்புப் பரிசோதனையை 18 வயதில் செய்துகொள்ள வேண்டும் என்றும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கு முன்பே செய்ய வேண்டும் என்றும் இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது. குறைபாட்டை முன்கூட்டியே கண்டறிந்தால், ஸ்டாட்டின் போன்ற மருந்துகளால் மாரடைப்பு அபாயத்தைப் பெருமளவு குறைக்க முடியும்.