பள்ளிக்கூடம் கேட்டு வந்தவர்கள்

கோட்டயத்தை ஒட்டிய பள்ளம் என்ற ஊரில் இருந்தார் ஹென்றி பேக்கர். சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) அனுப்பிய மிஷனரி. முப்பது வயதுகூட ஆகவில்லை. 1848 வாக்கில் கிழக்கு மலைகளிலிருந்து சிலர் இறங்கி வந்து அவர் வாசலில் நின்றார்கள். மலை அரையர் சமூகத்தின் மூப்பர்கள். எங்கள் ஊர்களுக்கு வாருங்கள், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கையிலுள்ள வேலைக்கே ஆள் போதவில்லை என்று பேக்கர் தயங்கினார். அவர்கள் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தார்கள். கடைசியில் அவர் மலையேறினார்.

இந்த மலைகளில் கிறிஸ்தவ சபைகள் செய்த தொண்டைப் பற்றிய எழுத்துகளில் மிஷனரிதான் நாயகன். என் மனம் அந்த மூப்பர்களிடமே போகிறது. காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். வரியும் கூலியில்லா ஊழியமும் அவர்களை நசுக்கிக்கொண்டிருந்த காலம். தங்களுக்கு எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்து, அதைக் கேட்க அத்தனை தொலைவு நடந்து வந்தார்கள். இந்த மலைகளில் சபை எங்கெல்லாம் நிலைத்த நன்மை செய்திருக்கிறதோ, அங்கெல்லாம் இப்படிக் கேட்ட ஒரு குரல் முன்னால் இருந்திருக்கிறது என்பதே என் எண்ணம்.

பேக்கரின் வீட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய தாய் அமீலியா, தஞ்சாவூரில் ஊழியம் செய்த கோல்ஹாஃப் குடும்பத்துப் பெண். கணவரோடு கோட்டயத்துக்கு வந்து, 1819-ல் தம் வீட்டிலேயே சிறுமிகளைக் கூட்டிப் பாடம் நடத்தத் தொடங்கினார். இன்றைய பேக்கர் நினைவுப் பெண்கள் பள்ளிக்கு அதுதான் ஆரம்பம். அந்த அம்மாள் வளர்த்த பிள்ளைக்கு, மலையிலிருந்து பள்ளிக்கூடம் கேட்டு வந்தவர்களை நெடுநாள் திருப்பி அனுப்ப மனம் வந்திருக்காது.

முண்டக்கயம், மேலுகாவு பக்கங்களில் பள்ளிகளும் ஜெபவீடுகளும் எழுந்தன. மலை அரையரைப் பற்றி 1862-ல் பேக்கர் ஒரு நூலும் எழுதினார். 1878-ல் இறந்தார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1981-ல், மேலுகாவில் அவர் பெயரால் கல்லூரி வந்தது. 1983-ல் சி.எஸ்.ஐ. கிழக்குக் கேரளத் திருமண்டலம் அதே ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானது. ஞானஸ்நானம் பெறாத மலை அரையர்களும் ஏராளம். அவர்களுடைய சமூக அமைப்பு முண்டக்கயத்துக்கு அருகே சொந்தமாகவே ஒரு கல்லூரி நடத்துகிறது. சபைக்குள் வந்தவர்களும் வராதவர்களும் படிப்பைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மூப்பர்கள் கேட்டது இதைத்தான்.

பேக்கர் காலத்திலேயே இன்னொரு கூட்டமும் மலையேறிக்கொண்டிருந்தது: வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார். முதலில் காப்பி, பிறகு தேயிலை. பீர்மேடு, ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, மூணாறு எங்கும் காடு தோட்டமானது. வேலைக்குக் கங்காணிகள் கூட்டி வந்தது தமிழர்களை. அவர்களில் பெரும்பகுதியினர் தென்மாவட்டங்களின் ஒடுக்கப்பட்ட சாதியினர். குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்றில் 1869-ல் பேக்கரின் முயற்சியால் புனித ஜார்ஜ் ஆலயம் எழுந்தது. அதன் கல்லறைத் தோட்டத்தில் துரைமார்களின் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. மன்றோ என்ற தோட்டத் துரையின் குதிரை அடக்கமான இடத்தையும் காட்டுகிறார்கள். அதே மலைச்சரிவுகளில் காய்ச்சலிலும் குளிரிலும் செத்த முதல் தலைமுறைக் கூலிகளுக்குப் பெயர் சொல்ல ஒரு கல் கிடையாது. இதை எழுதும்போது வலிக்கிறது. சபையின் வரலாற்றில் இதுவும் ஒரு பக்கம்தான்.

மூணாற்றிலும் கதை கல்லறையில்தான் தொடங்குகிறது. 1894-ல் எலினோர் என்ற இளம் ஆங்கிலப் பெண் காலராவில் இறந்தார். தோட்ட மேலாளர் ஹென்றி நைட்டின் மனைவி. அவரை ஒரு குன்றின்மேல் அடக்கம் செய்தார்கள். அதன் அடிவாரத்தில் 1910-ல் கிறிஸ்து ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துரைமார்களுக்காகக் கட்டிய அந்தக் கற்கோயிலில் இன்று தமிழிலும் ஆராதனை நடக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு அதற்கு முன்பே, 1898-ல், ஸ்பானிய கார்மேல் சபைத் துறவி அல்போன்ஸ் மூணாற்றில் மவுண்ட் கார்மேல் ஆலயத்தைத் தொடங்கியிருந்தார். 2024-ல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. வாரம் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆலயம் தாய்மொழி கேட்கும் இடம், கல்யாணமும் சாவும் பகிர்ந்துகொள்ளும் இடம், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சுமந்துவந்த அசனம் என்ற பொதுவிருந்துப் பந்தி தொடரும் இடம்.

  

தொண்டுக்கு வருவோம். நான் மிகவும் மதிக்கும் ஒரு முயற்சி, 1980-ல் பாதிரியார் மேத்யூ அறம்புளிக்கல் தொடங்கிய பீர்மேடு டெவலப்மென்ட் சொசைட்டி. காஞ்சிரப்பள்ளி மறைமாவட்டத்தின் சமூகப் பணி அமைப்பு அது. மிளகும் ஏலமும் விளைவிக்கும் சிறு விவசாயிகளையும் பழங்குடிக் குடும்பங்களையும் சேர்த்து, ரசாயனமில்லாத சாகுபடிக்குப் பயிற்சி கொடுத்து, சான்றிதழ் வாங்கித் தந்து, விளைச்சலை வெளிநாட்டுச் சந்தைவரை கொண்டுபோனார்கள். தேயிலை விலை விழுந்தபோது சிறு தேயிலை விவசாயிகளுக்கும் இதே வழியைக் காட்டினார்கள். அரிசி மூட்டை கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வது சுலபம். ஒரு விவசாயி அடுத்த ஆண்டு யார் கையையும் எதிர்பார்க்காமல் விற்கும்படி செய்வதற்கு ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும்.

ஆனால் சிறு விவசாயிக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. அவர் குடியிருக்கும் லயம் என்ற வரிசை வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அந்த ஒற்றைக் காரணத்துக்காகவே படித்த பிள்ளையைக் கொழுந்தெடுக்க அனுப்பி, வீட்டைத் தக்கவைத்துக்கொண்ட தாய்மார் எத்தனையோ பேர். 2000-ல் பீர்மேட்டில் தோட்டங்கள் கதவடைத்தபோது, பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் கிடைக்காமல், ஒழுகும் லயங்களிலேயே குடும்பங்கள் காலம் தள்ளின. 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண்கள் ‘பொம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவைத்துத் தெருவில் உட்கார்ந்து, தங்கள் போனஸை வாங்கினார்கள். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு.

இப்படிப்பட்ட நேரங்களில் சபைகள் கஞ்சி காய்ச்சும், போர்வை கொடுக்கும், அடக்க ஆராதனை நடத்தும். அவையெல்லாம் வேண்டியவைதான். லயத்து மக்கள் கேட்பதோ வீட்டுமனை, பட்டா, சாதிச் சான்றிதழ். இந்த மூன்றாவதில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. மலை அரையர் கிறிஸ்தவரானாலும் பட்டியல் பழங்குடியாகவே சட்டம் ஏற்கிறது. தலித் கிறிஸ்தவருக்கு 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மறுக்கிறது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தத் தடையை நீக்கச் சொல்லி 2007-ல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் வந்தது. இந்துவாகவே இருக்கும் தோட்டத் தமிழர்களுக்கும் நிம்மதி இல்லை. சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்று அதிகாரிகள் கேட்டால், லயத்தில் பிறந்து லயத்தில் செத்த பாட்டனுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது?

இங்கே சபைகளின் கையில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: பழைய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள். பெயர், தகப்பன் பெயர், நாள் எல்லாம் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். கம்பெனி பாதுகாக்காத தொழிலாளி வரலாறு உபதேசியாரின் கையெழுத்தில் பீரோவுக்குள் இருக்கக்கூடும். செல்லரிக்கும் முன் அவற்றைப் படமெடுத்து, தோட்டவாரியாகப் பிரித்து, கேட்பவர்களுக்குச் சான்றிட்ட நகல் தர வேண்டும். அதிகாரிகள் அதை ஏற்கும்வரை திருமண்டலமும் மறைமாவட்டமும் சேர்ந்து வருவாய்த் துறையின் வாசலில் நிற்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஆலய வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டு, கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகள் நான்கு பேரை உட்கார வைத்தால், மனு எழுதத் தெரியாத அத்தனை பேரும் வருவார்கள். சபை உறுப்பினரா, பக்கத்து லயத்து மாரியம்மன் கோவில்காரரா என்று அந்த மேசையில் யாரும் கேட்கக் கூடாது.