எழுத்து ஒன்று, பொருள் மூன்று

நீண்ட பெயர்களை அவற்றின் முதலெழுத்துகளால் சுருக்கி எழுதும் வழக்கம் இன்று எல்லாத் துறைகளிலும் பரவியுள்ளது. விதை மூட்டை, உர மூட்டை, பூச்சிமருந்துப் புட்டி, மண் பரிசோதனை அட்டை, நிலப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகிய எதை எடுத்தாலும் இரண்டு மூன்று ஆங்கில எழுத்துகள் தென்படும். எழுதுபவருக்கு இதனால் இடமும் நேரமும் மிச்சமாகின்றன. ஆனால் ஆங்கில எழுத்துகள் மொத்தம் 26 தாம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 சுருக்கங்களே கிடைக்கும். துறைகளும் பொருள்களும் பல்லாயிரமாக இருப்பதால், ஒரே சுருக்கம் பல பொருள்களுக்கு வழங்குவதைத் தவிர்க்க இயலாது.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இச்சிக்கல் சற்று அதிகம். 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை தொடங்கியது. 2010 முதல் ஒரகடத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் உற்பத்தியைத் தொடங்கின. இன்று அங்கு ஒரே வீட்டில் தந்தை ஏரிப்பாசனத்தில் நெல் பயிரிடுகிறார். மகன் தொழிற்சாலைக்குச் செல்கிறார். நிலத்தின் விலையும் உயர்ந்துள்ளது. ஆகவே வேளாண்மைத் துறை, பதிவுத்துறை, தொழிற்சாலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் அவ்வீட்டுக்குக் காகிதங்கள் வந்து சேர்கின்றன. அவற்றிலுள்ள சுருக்கங்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது பணத்தையும் பயிரையும் காப்பாற்றும். சில சமயங்களில் நிலத்தையே காப்பாற்றும்.

இ.சி. என்பதன் மூன்று பொருள்கள்

பதிவுத்துறையில் இ.சி. என்றால் வில்லங்கச் சான்று. குறிப்பிட்ட புல எண்ணில் குறிப்பிட்ட காலத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம் முதலியவற்றை இது காட்டும். பதிவு செய்யப்படாத ஒப்பந்தங்கள் இதில் வாரா. எனவே இ.சி. மட்டுமே உரிமைக்குச் சான்று ஆகாது; பட்டாவையும் மூலப் பத்திரத்தையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

மண் பரிசோதனை அட்டையில் இ.சி. என்றால் மின் கடத்தும் திறன். மண்ணில் கரையும் உப்புகள் எவ்வளவு உள்ளன என்பதை இவ்வெண் அறிவிக்கும். இதன் அளவு டெசி சைமன் என்று குறிக்கப்படும். பழைய அட்டைகளில் மில்லிமோ என்று இருக்கும். இரண்டும் ஒரே அளவுதான். இது 1-க்கு உட்பட்டிருந்தால் கேடில்லை. அதற்கு மேல் கூடக்கூட உப்பைத் தாங்காத பயிர்கள் பாதிக்கப்படும். கிணற்று நீரைப் பரிசோதித்தாலும் இதே எழுத்துகளில் முடிவு தரப்படும்.

பூச்சிமருந்து, களைக்கொல்லிப் புட்டிகளில் இ.சி. என்றால் நீரில் கலந்தால் பால் போன்ற குழம்பாக மாறும் திரவம் என்று பொருள். இ.சி.க்கு முன்னுள்ள எண், அத்திரவத்தில் மருந்தின் சத்து எத்தனை விழுக்காடு என்பதைச் சொல்கிறது. 50 இ.சி. என்றால் பாதிதான் மருந்து. மீதி கரைப்பானும் குழம்பாக்கும் பொருளும் ஆகும்.

எழுத்தைப் போலவே எண்ணும் முக்கியம்

நெல்லுக்கான பிரெடிலாகுளோர் களைக்கொல்லி 50 இ.சி. என்றும் கிடைக்கிறது, 30.7 இ.சி. என்றும் கிடைக்கிறது. முதலாவது நடவு வயலுக்கு உரியது. இரண்டாவதில் முளைக்கும் நெல்லைக் காக்கும் பொருள் ஒன்று சேர்க்கப்பட்டிருப்பதால் அது நேரடி விதைப்புக்கு ஏற்றது. பெயரும் எழுத்தும் ஒன்றாக இருக்கின்றனவே என்று நேரடியாக விதைத்த வயலில் 50 இ.சி.யைத் தெளித்தால் களையோடு நெல் முளையும் கெடும்.

எழுத்து மாறினால் பயன்படுத்தும் முறையும் மாறும். டபிள்யூ.பி. என்பது நீரில் நனையும் தூள். டி.பி. என்பது உலர்வாகவே தூவ வேண்டிய தூள். இதை நீரில் கரைத்துத் தெளித்தால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். எஸ்.எல். என்பது நீரில் கரையும் திரவம். டபிள்யூ.ஜி. என்பது நீரில் கலையும் குறுணை. எஸ்.பி. என்று மருந்துப் பொட்டலத்தில் இருந்தால் நீரில் கரையும் தூள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரையும் இவ்வெழுத்துகளாலேயே அழைக்கிறோம்.

இமிடாகுளோபிரிட் என்னும் மருந்து 17.8 எஸ்.எல். ஆகவும் 70 டபிள்யூ.ஜி. ஆகவும் விற்கப்படுகிறது. முதலாவதுக்குச் சொன்ன அளவை இரண்டாவதில் எடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் மருந்து வயலில் விழும். செலவு கூடுவதுடன் நன்மை செய்யும் பூச்சிகளும் தேனீக்களும் மடியும். ஆகவே மருந்தின் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் கேட்பது போதாது. எண்ணையும் எழுத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஏ.ஐ.யும் டி.ஏ.பி.யும்

கால்நடை மருந்தகத்தில் ஏ.ஐ. என்றால் செயற்கை முறைக் கருவூட்டல். இந்நாளில் செய்தித்தாள்களிலும் தொழிற்சாலைகளிலும் ஏ.ஐ. என்றால் செயற்கை நுண்ணறிவு, அதாவது கணினியின் சிந்திக்கும் திறன். மருந்துப் பரிந்துரைகளிலோ ஏ.ஐ. என்பது மருந்தின் செயல்படும் மூலப்பொருளைக் குறிக்கும்.

இம்மூன்றாவது பொருளை அறிந்திருப்பது மிக அவசியம். பிரெடிலாகுளோர் எக்டருக்கு 0.75 கிலோ ஏ.ஐ. என்று பரிந்துரை இருப்பதாகக் கொள்வோம். 50 இ.சி. மருந்தில் பாதியே மூலப்பொருள் ஆதலால் எக்டருக்கு 1.5 லிட்டர், ஏக்கருக்குச் சுமார் 600 மி.லி. தேவைப்படும். ஏ.ஐ. என்பதைக் கவனியாமல் எக்டருக்கு முக்கால் லிட்டர் மட்டும் இட்டால் பாதி மருந்தே வயலுக்குச் சேரும். களை சாகாது; கூலி கொடுத்து மறுபடியும் எடுக்க நேரிடும்.

டி.ஏ.பி. என்றவுடன் உரம்தான் நம் நினைவுக்கு வரும். டை அம்மோனியம் பாஸ்பேட் என்னும் அவ்வுரத்தில் 18 விழுக்காடு தழைச்சத்தும் 46 விழுக்காடு மணிச்சத்தும் உள்ளன. ஆனால் ஆங்கிலத்தில் அச்சிட்ட சாகுபடிக் குறிப்புகளில் 30 டி.ஏ.பி. என்று இருந்தால், நட்ட 30-ஆம் நாள் என்பதே பொருள். அதை 30 கிலோ டி.ஏ.பி. என்று எண்ணி உரம் வாங்கிவிடக் கூடாது.

உர மூட்டையில் மற்றொரு விந்தையும் உண்டு. பாஸ்பரஸ், பொட்டாஷ் இரண்டும் ஆங்கிலத்தில் 'பி' என்னும் ஒரே எழுத்தில் தொடங்குபவை. இரண்டுக்கும் ஒரே அடையாளம் இட்டால் குழப்பம் நேரும். எனவே பாஸ்பரஸ் 'பி'யை எடுத்துக்கொண்டது. சாம்பல் சத்துக்குக் காலியம் என்னும் அதன் இலத்தீன் பெயரிலிருந்து 'கே' வந்தது. மூட்டையில் 10:26:26 என்றிருந்தால் முதலெண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. 20:20:0:13 என்று நான்கு எண்கள் இருந்தால் கடைசி எண் கந்தகத்தைக் குறிக்கும். மூன்றாம் இடத்திலுள்ள சுழி, அம்மூட்டையில் சாம்பல் சத்து இல்லை என்பதற்கு அடையாளம்.

இரகப் பெயர்களில் ஊர்ப் பெயர்கள்

நெல் இரகங்களின் முன்னெழுத்துகள் பெரும்பாலும் அவை பிறந்த இடத்தைச் சொல்கின்றன. ஏ.டி.டி. என்பது ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்பது அம்பாசமுத்திரம்; பி.பி.டி. என்பது ஆந்திராவிலுள்ள பாபட்லா. டி.கே.எம். என்பது திருவள்ளூர் மாவட்டத்துத் திரூர்க்குப்பம். ஐ.ஆர். என்பது பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். அந்நிலையம் 1969-இல் வெளியிட்ட ஐ.ஆர். 20 இரகத்தின் பெற்றோர்களில் ஒன்று, நமது திரூர்க்குப்பத்து டி.கே.எம். 6 என்பது இப்பகுதி உழவர்கள் பெருமை கொள்ளத்தக்கது. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் தன்மைக்காக அதைத் தேர்ந்தெடுத்தனர்.

முன்னெழுத்து ஒன்றாக இருந்தாலும் இரகங்கள் ஒன்றல்ல. டி.கே.எம். 9 சிவப்பு அரிசியுள்ள குறுகிய கால மோட்டா இரகம். சொர்ணவாரிக்கும் நவரைக்கும் ஏற்றது. டி.கே.எம். 13 வெள்ளைச் சன்ன அரிசி. சுமார் 130 நாள் வயதுடையது. எண்ணைக் கவனியாமல் மூட்டையை மாற்றி எடுத்துவந்தால் பருவமும் தவறும், விற்பனையும் தவறும்.

கோ என்னும் எழுத்து இன்னும் பரந்தது. கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் கரும்பு இனப்பெருக்க நிலையமும் 1912-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டன. இரண்டின் இரகங்களும் கோ என்றே பெயர் பெற்றன. கோ 51 நெல். கோ 86032 கரும்பு. பின்னர் வெளிவந்த பயறு, காய்கறி, தீவன இரகங்களுக்கும் கோ என்ற பெயரே வழங்குகிறது. கோ 5 என்று மட்டும் சொன்னால் அது உளுந்தாகவும் இருக்கலாம். சின்ன வெங்காயமாகவும், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லாகவும் இருக்கலாம். பயிரின் பெயரைச் சேர்த்துச் சொல்வதே முறை.

சாலையிலும் தொழிற்சாலையிலும்

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பெங்களூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையின் எண் முன்பு 4. 2010-இல் செய்யப்பட்ட எண் மாற்றத்திற்குப் பின் 48. வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் செல்லும் சாலையின் எண்ணும் 48 தான். ஆனால் அது மாநில நெடுஞ்சாலை. முன்னது என்.எச். 48, பின்னது எஸ்.எச். 48. விளைபொருள் ஏற்ற வரும் லாரிக்கு வழி சொல்லும்போது 48 என்று மட்டும் சொன்னால் வண்டி வேறு சாலையில் போய் நிற்கும்.

தொழிற்சாலைக் காகிதங்களில் சி.எல். என்பது ஓரிடத்தில் தற்செயல் விடுப்பு. வேறோரிடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நீர்ப் பரிசோதனை அறிக்கையில் அவ்வெழுத்துகளே குளோரைடு என்னும் உப்பைக் குறிக்கும்.

நிலம் எடுப்பது தொடர்பான கடிதங்களில் மூன்று பெயர்கள் ஒலியால் நெருங்கி நிற்கின்றன. டிட்கோ 1965-இலும், சிறுதொழிலுக்கான சிட்கோ 1970-இலும், தொழிற்பேட்டைகளை அமைக்கும் சிப்காட் 1971-இலும் ஏற்பட்ட அரசு நிறுவனங்கள். சிப்காட் என்பது இன்று ஊர்ப் பெயர் போலவே வழங்கினாலும் அதுவும் முதலெழுத்துகளால் ஆன சுருக்கமே. கடிதம் வந்தால் எந்த நிறுவனத்துக்காக, எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் புல எண்ணுக்கு என்பதை முழுப் பெயருடன் படித்தறிய வேண்டும். தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுப்பதற்கென 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உள்ளது. அதன்படி உரிமையாளர் தம் கருத்தைத் தெரிவிக்க வாய்ப்பு உண்டு. குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தல் நலம்.

மனிதர் பெயரின் முன்னெழுத்து

நம் வழக்கப்படி தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. இதில் இருவகையில் குழப்பம் நேர்கிறது. க. முருகன் என்பவரின் தந்தை கந்தசாமியாயின் ஆங்கிலத்தில் 'கே', கணேசனாயின் 'ஜி'. தமிழில் இருவரும் ஒருவரே போலத் தோன்றுவர். ச என்னும் எழுத்தும் சண்முகத்துக்கு 'எஸ்' ஆகவும், சந்திரனுக்குச் 'சி' ஆகவும் மாறும். மறுபுறம், ஆங்கிலத்தில் 'எஸ்' என்றால் சண்முகம், சுப்பிரமணி, செல்வராசு ஆகிய மூவருக்கும் பொருந்தும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத ஆணையிட்டது. பழைய ஆவணங்களிலோ இரண்டு முறைகளும் கலந்துள்ளன.

பட்டாவில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மற்றொரு விதமாகவும் பெயர் இருந்தால், 2019-இல் தொடங்கிய பிரதமரின் கிசான் உதவித்தொகை, பயிர்க்கடன், நில இழப்பீடு ஆகியன தடைப்படக்கூடும். ஓர் ஊரில் ஒரே பெயரும் ஒரே முன்னெழுத்தும் கொண்ட இருவர் இருந்தால், ஒருவருக்குரிய தொகை மற்றவர் பெயரில் சேரவும் இடமுண்டு. பணம் வரும் வேளையில் திருத்த முயல்வதைவிட முன்னரே கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் மனுக் கொடுத்துத் திருத்திக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியிலும் இம்மனுக்களைக் கொடுக்கலாம்.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சுருக்கத்தைக் கண்டவுடன், அது எந்தத் துறையின் காகிதத்தில் உள்ளது என்று முதலில் பார்க்க வேண்டும்.

2. விதை வாங்கும்போது பயிர், இரகம், எண் மூன்றையும் சேர்த்துச் சொல்லி, பட்டியலிலும் அவ்வாறே எழுதி வாங்க வேண்டும்.

3. மருந்தின் பெயரோடு அதன் விழுக்காட்டு எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்ட பின்னரே அளவைக் கணக்கிட வேண்டும்.

4. பரிந்துரையில் ஏ.ஐ. என்றிருந்தால் எத்தனை மி.லி. அல்லது கிராம் மருந்து வேண்டும் என்று வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிய வேண்டும்.

5. பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒருசேர வைத்துப் பெயரையும் முன்னெழுத்தையும் ஒப்பிட வேண்டும். இயன்ற இடங்களில் தந்தை பெயரை முழுமையாக எழுதுவிக்க வேண்டும்.

6. பொருள் விளங்காத சுருக்கமுள்ள எந்தக் காகிதத்திலும், அதன் முழுப் பெயரைக் கேட்டறியாமல் கையெழுத்திடக் கூடாது.

படித்த இளைஞர்கள் வீட்டிலுள்ள எல்லாக் காகிதங்களையும் ஒரு முறை எடுத்து, அவற்றிலுள்ள சுருக்கங்களுக்கு முழுப் பெயர்களைத் தமிழில் எழுதி வைத்தால் பெரியவர்களுக்கு அது பெரிதும் பயன்படும்.