ஃபார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்!

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் நம் வாயில் முதலில் வரும் வார்த்தை வைரஸ். அடுத்து வரும் வார்த்தை ஃபார்மட். சாஃப்ட்வேர் இன்ஜினியரான நானும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2023ல் என் அக்காவின் கம்ப்யூட்டரை இப்படித்தான் இரண்டு முறை ஃபார்மட் செய்தேன். இரண்டுமே தேவையில்லாத வேலை. இரண்டாவது முறை செய்தது தேவையில்லாத வேலை மட்டுமல்ல, ஆபத்தான வேலையும்கூட. ஏன் என்று சொல்கிறேன்.

அக்கா இருப்பது திருநெல்வேலியில். அவர்கள் தெருவில் உள்ள மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுவது அக்காதான். 16 உறுப்பினர்களின் சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஒரே எக்ஸெல் ஃபைலில் இருந்தது. கம்ப்யூட்டர் அத்தான் சில வருடங்களுக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கியது. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

"தம்பி, எக்ஸெல்லைத் திறந்தா அப்படியே நின்னுபோகுதுடா. மவுஸ் மட்டும் நகருது" என்று போனில் சொன்னாள். பக்கத்தில் இருந்த சர்வீஸ் கடையில் பார்த்துவிட்டு மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்களாம். நான் ஊருக்குப் போனேன். கணக்கு ஃபைலை டி டிரைவில் காப்பி செய்து வைத்தேன். சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றினேன். கம்ப்யூட்டர் பறந்தது! கடைக்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை கிண்டலாகப் பேசிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம்தான். "டேய், நீ போட்டுக் குடுத்ததும் நின்னுபோச்சுடா."

அடுத்த முறை போனபோதும் அதையே செய்தேன். இந்த முறை விண்டோஸ் இன்ஸ்டால் ஆகும்போதே பாதியில் நின்றது. மறுபடி முயன்றதில் ஏறிவிட்டது. டி டிரைவில் இருந்த கணக்கு ஃபைலை டபுள் கிளிக் செய்தேன். திறக்கவில்லை. காப்பி செய்து பார்த்தேன், அதுவும் பாதியில் எர்ரர் காட்டி நின்றது. அக்கா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது விண்டோஸ் பிரச்சினையே இல்லை என்று.

எப்போது நிற்கிறது?

ஹார்டுவேர் கோளாறைக் கண்டுபிடிக்க முதலில் தேவை ஸ்க்ரூ டிரைவர் அல்ல, ஒரு பேப்பரும் பேனாவும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மணி என்ன, ஆன் செய்து எத்தனை நிமிடம் ஆயிற்று, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மவுஸ் நகர்ந்ததா, ஹார்ட் டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததா என்று எழுதுங்கள். நாலைந்து முறை எழுதினால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்து, விண்டோஸை விலக்கிவிட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தினால் பயாஸ் திரை வரும். (எந்தக் கீ என்பது மதர்போர்டைப் பொறுத்தது.) எதையும் மாற்றாமல் அந்தத் திரையிலேயே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கேயே கம்ப்யூட்டர் உறைந்து போனாலோ, அணைந்து போனாலோ விண்டோஸையும் வைரஸையும் குறை சொல்ல முடியாது. அவை இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லையே!

இன்னொரு வழி, உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்வது. அக்காவின் கம்ப்யூட்டரில் அன்று இரவு இதைத்தான் செய்தேன். மூன்று மணி நேரம் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. ராம், ப்ராசசர், மதர்போர்டு, எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் இதில் வேலை செய்கின்றன. வேலை செய்யாமல் சும்மா இருந்த ஒரே பொருள் ஹார்ட் டிஸ்க். சந்தேகம் அதன் மேல் விழுந்தது.

ஹார்ட் டிஸ்க் சொல்லும் ஜாதகம்

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படிக்க கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். டிஸ்க் நலமாக இருந்தால் நீல நிறத்தில் குட் என்று காட்டும். மஞ்சள் வந்தால் எச்சரிக்கை, சிவப்பு வந்தால் கதை முடிந்தது. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கீழே உள்ள பட்டியலில் மூன்று வரிகளைப் பாருங்கள்.

ரீஅலொகேட்டட் செக்டர்ஸ் கவுன்ட் என்பது, கெட்டுப்போய் அதற்குப் பதிலாக வேறு இடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. கரன்ட் பென்டிங் செக்டர் கவுன்ட் என்பது, படிக்க முடியாமல் டிஸ்க் தவித்துக்கொண்டிருக்கும் செக்டர்கள். இந்த இரண்டும் பூஜ்யமாக இருப்பதே நல்லது. வாரா வாரம் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். மூன்றாவது, அல்ட்ரா டிஎம்ஏ சிஆர்சி எர்ரர் கவுன்ட். இது மட்டும் ஏறிக்கொண்டிருந்து மற்ற இரண்டும் பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் கோளாறு இல்லை, அதை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளில்தான். சாதாரண கேபிள்தான், விலை மிகக் குறைவு. இதைத் தெரியாமல் நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

அக்காவின் டிஸ்க்கில் முதல் இரண்டுமே ஏறியிருந்தன.

அப்படியானால் முதல் ஃபார்மட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஏன் நன்றாக ஓடியது? என்னை ஏமாற்றியது இந்த இடம்தான். டிஸ்க்கில் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் அது உடனே விட்டுவிடாது, மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். அதுவரை அந்த ஃபைலைக் கேட்ட புரோகிராம் காத்துக் கிடக்கும். மவுஸ் நகரும், வேறு எதுவும் நடக்காது. ஃபார்மட் செய்து புதிதாக விண்டோஸ் ஏற்றும்போது ஃபைல்கள் வேறு இடங்களில் போய் உட்காருகின்றன. கெட்ட செக்டர் மீது புதிதாக எழுத நேர்ந்தால், டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டு உபரி இடத்தில் எழுதிக்கொள்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றும். இன்னும் சில இடங்கள் கெடும் வரைதான் இந்த ஆட்டம். நாம் வழக்கமாகச் செய்யும் க்விக் ஃபார்மட், செக்டர்களைச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

என் இன்னொரு தவறு, ஃபைலை டி டிரைவில் பத்திரப்படுத்தியது. மை கம்ப்யூட்டரில் சி, டி, இ என்று மூன்று டிரைவ் தெரிந்தாலும் பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். ஒரே வீட்டில் மூன்று அறைகள் மாதிரி. கூரை இடிந்தால் எந்த அறையில் வைத்திருந்தால் என்ன?

டிஸ்க் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அதில் எதையும் எழுதாதீர்கள். ஃபார்மட், டிஃப்ராக் எதுவும் வேண்டாம். செக் டிஸ்க்கும் வேண்டாம், அது நலிந்த டிஸ்க்கை மேலும் படுத்தி எடுக்கும். முதலில் முக்கியமான சிறிய ஃபைல்களை பென் டிரைவில் எடுங்கள், சினிமாவும் பாட்டும் கடைசியில். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

சத்தம் இல்லாததால் நான் லினக்ஸில் உள்ள டிடி ரெஸ்க்யூ என்ற புரோகிராமை ஓட்டினேன். இது முதலில் நன்றாக இருக்கும் பகுதிகளை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். விடிய விடிய ஓடியது. காலையில் நகலிலிருந்து திறந்ததில், எக்ஸெல் ஃபைல் கிடைக்கவில்லை. ஆனால் அதன் இரண்டு மாதத்துக்கு முந்தைய நகல் ஒன்று வேறொரு ஃபோல்டரில் முழுதாகக் கிடைத்தது. விட்டுப்போன இரண்டு மாதத்தை உறுப்பினர்களின் பாஸ்புக்குகளை வாங்கி அக்காவும் நானும் உட்கார்ந்து டைப் செய்தோம். இரண்டு நாள் லீவு போனது.

மற்ற சந்தேகப் பேர்வழிகள்

ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு மாதிரி நிற்கும், ராம் என்றால் வேறு மாதிரி நிற்கும். ராம் கோளாறின் அடையாளமே ஒழுங்கின்மைதான். இன்று ஒரு எர்ரர், நாளை வேறொரு எர்ரர். ஜிப் ஃபைலை விரித்தால் கெட்டுப்போனது என்று சொல்லும், அதையே மறுபடி விரித்தால் சரியாக விரியும். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து ஓட்டலாம். இதைவிடக் கண்டிப்பானது மெம்டெஸ்ட்86 பிளஸ். பென் டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அலட்சியம் வேண்டாம். உடனே புது ராம் வாங்கவும் வேண்டாம். பவர் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் காண்டாக்ட்டுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி 'க்ளிக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள். பல வீடுகளில் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

சூடு என்றால் கணக்கு சுத்தமாக இருக்கும். காலையில் ஆன் செய்தால் அரை மணி ஓடி அணையும். உடனே ஆன் செய்தால் ஐந்து நிமிடத்தில் அணையும். ஒரு மணி நேரம் ஆற விட்டால் மறுபடி அரை மணி ஓடும். இது தெரிந்தால் கேபினட்டைத் திறந்து ப்ராசசர் ஃபேனைப் பாருங்கள். ஹீட் சிங்க் முழுவதும் பஞ்சு மெத்தை போலத் தூசி அடைந்திருக்கும். பிளோயரில் ஊதும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்டெல் ப்ராசசருடன் வரும் சாதாரண ஹீட் சிங்க்கை நான்கு பிளாஸ்டிக் பின்கள் பிடித்திருக்கும், அதில் ஒன்று கழன்றிருந்தாலும் சூடு ஏறும். எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச சாஃப்ட்வேரில் வெப்பநிலை தெரியும். சும்மா டைப் செய்துகொண்டிருக்கும்போதே 90 டிகிரியைத் தாண்டினால் சரியில்லை.

எச்சரிக்கை எதுவும் இல்லாமல், விளக்கை அணைத்து ஏற்றியதுபோல ரீஸ்டார்ட் ஆகிறதா? எஸ்.எம்.பி.எஸ்., அல்லது அதற்கு மின்சாரம் தரும் யு.பி.எஸ். மீது கண் வையுங்கள். ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று பதிவாகியிருக்கும். பலர் அதையே காரணம் என்று எண்ணிவிடுகிறார்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று என்பதை மட்டுமே அது சொல்கிறது. சென்னையில் என் ரூமில் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. வோல்டேஜ் இறங்கும் அந்த நொடியில் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும், பேட்டரியோ செத்துக் கிடந்தது. யு.பி.எஸ்.ஸை விலக்கி நேராக சுவரில் செருகிப் பார்த்ததில் தெரிந்துவிட்டது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பொறுத்தவரை 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் அங்கே சரியாகக் காட்டிவிட்டு, கேம் ஓடும்போது தடுமாறும் எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. நண்பரிடமிருந்து நல்ல ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நிச்சயமான சோதனை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

மதர்போர்டைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். சிறு டப்பாக்கள் போல நிற்கும் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ போர்டு போயிற்று. 2000களின் முதல் பாதியில் தயாரான பல போர்டுகள் மட்டமான கெபாசிட்டர்களால் இப்படித்தான் செத்தன. அக்காவின் போர்டில் எல்லாம் தட்டையாகவே இருந்தன. ப்ராசசரே கெட்டுப்போவது அபூர்வம். அபூர்வம் என்று சொன்னதற்குப் பெரிய விதிவிலக்கு, இன்டெல்லின் 13, 14வது தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள். சில மாடல்கள் அதிக வோல்டேஜால் நிலைகுலைவதாக 2024ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டு, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. அவற்றில் கேம் ஓட்டினால் வீடியோ மெமரி போதவில்லை என்று சம்பந்தமில்லாத எர்ரர் வந்து கிராபிக்ஸ் கார்டு மீது பழி விழுந்தது! அந்தத் தலைமுறை ப்ராசசர் உங்களிடம் இருந்தால் மதர்போர்டு கம்பெனியின் இணையதளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரையில் எர்ரர் தோன்றி, படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிறதா? கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதிக்குப் போய் ஆட்டோமேடிக்கலி ரீஸ்டார்ட் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். பல வருடங்களாக நீல நிறத்தில் வந்த இந்தத் திரை, 2025ல் வந்த மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் 11ல் கறுப்பு நிறத்தில் வருகிறது. அதில் வியா அன்கரெக்டபிள் எர்ரர் என்று இருந்தால் ஹார்டுவேரே புகார் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

அக்காவின் கம்ப்யூட்டருக்கு 240 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கிப் போட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டது, ஒரு உறுப்பினரின் கணக்கில் மட்டும் 50 ரூபாய் இடித்தது. அது நான் டைப் செய்த பக்கமாம். இப்போது கூட்டம் முடிந்ததும் அந்த ஃபைல் ஒரு பென் டிரைவில் ஏறி, குழுவின் மினிட் நோட்டோடு சேர்ந்து தலைவி வீட்டு பீரோவுக்குப் போய்விடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை அக்கா தூக்கிப் போடவில்லை. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் டி.வி. ஸ்டாண்டில் கண்ணில் படும்படி வைத்திருக்கிறாள்.