கைப்பக்குவமும் கணிப்பொறியும்

"உப்பு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டால், "அளவாய்ப் போடு" என்பார்கள். "புளி?" "எலுமிச்சங்காய் அளவு." "எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்?" "வாசனை வந்ததும் இறக்கு." பாட்டியின் குழம்பு மணக்கும்; அதே முறையில் நாம் வைத்த குழம்போ வாயில் வைக்க விளங்காது. சொல்லாமல் விட்டுப்போன அந்த மீதிக்குத்தான் கைப்பக்குவம் என்று பெயர். சமையலறையில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் முழங்காலைப் பற்றிய கணக்கில் கைப்பக்குவம் ஒளிந்திருந்தால் என்னவாகும்?

முழங்கால் ஓர் அற்புதமான அமைப்பு. மேலே தொடையெலும்பு, கீழே கணைக்கால் எலும்பு, முன்னே சில்லு. எலும்பு முனைகளை மூடிய வழவழப்பான குருத்தெலும்பு. இடையே பிறை வடிவான இரண்டு மெத்தைகள். இவை விலகாதபடி இழுத்துப் பிடிக்கும் முக்கியமான நான்கு நார்கள். சமதரையில் நடக்கும்போதே நம் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் இம்மூட்டின்மீது விழுகிறது. அப்பாரம் உள்ளே எவ்வாறு பரவுகிறது என்று உயிருள்ள ஒருவரின் மூட்டைத் திறந்து அளக்க இயலுமா? ஆகவே அறிஞர்கள் கணிப்பொறிக்குள் ஒரு முழங்காலைச் செய்து பார்க்கிறார்கள்.

எவ்வாறு? எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து ஒவ்வொரு பகுதியின் வடிவத்தையும் வரைந்தெடுக்கிறார்கள். அதனைப் பல்லாயிரம் சிறு கூறுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கூறும் எவ்வளவு விறைப்பானது, எதனோடு ஒட்டியுள்ளது, எதன்மேல் வழுக்குகிறது என்று குறித்துக் கொடுத்தால், கணிப்பொறி அத்தனைக்கும் சேர்த்துச் சமன்பாடுகளைத் தீர்த்துத் தருகிறது. பொறியியலில் வளர்ந்த இம்முறைக்கு 1960-ல் பெயர் சூட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப். 1972-லேயே இது எலும்பை ஆராயவும் பயன்பட்டது.

இங்கேதான் கைப்பக்குவம் நுழைகிறது. மங்கலான படத்தில் குருத்தெலும்பு எங்கே முடிகிறது? நாரைச் சுருள்வில்லாகக் கொள்வதா, கனமுள்ள திசுவாகவே வடிப்பதா? தொடக்கத்தில் அது எவ்வளவு இழுபட்டிருந்தது? ஒவ்வொன்றையும் ஒருவர் தீர்மானிக்கிறார். அதனை எழுதி வைக்காவிட்டால், அவர் கண்ட விடையை வேறொருவர் மீண்டும் பெற முடியாது. பிழை இருந்தாலும் எங்கே என்று தேட வழியில்லை.

இக்குறையைத் தீர்க்கச் சிலர் முன்வந்தனர். மறைவுக்குப் பின் ஆராய்ச்சிக்குக் கொடையாகக் கிடைத்த 70 வயது மூதாட்டி ஒருவரின் வலது முழங்காலை, அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் கணிப்பொறி மாதிரியாக்கினர். 'ஓப்பன் நீ', அதாவது 'திறந்த முழங்கால்' என்ற பெயரில் 2010-ல் எவரும் எடுத்துச் சோதிக்கும்படி அதனை வெளியிட்டனர். 2012-ல் அங்குள்ள அகமத் எர்டெமிர் தம் தோழர்களுடன், இத்தகைய ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன கட்டாயம் எழுதப்பட வேண்டும் என்று ஒரு வரிசை தந்தார். வடிவம் எங்கிருந்து வந்தது, பொருள்களின் தன்மை என்ன, பாரம் எப்படி ஏற்றப்பட்டது, விடை எதனோடு ஒப்பிடப்பட்டது, மாதிரி பிறருக்குக் கிடைக்குமா என்பன அவற்றுட் சில.

பின்னர் இன்னும் துணிவான ஒரு முயற்சி நடந்தது. அமெரிக்காவையும் நியூசிலாந்தையும் சேர்ந்த ஐந்து குழுக்களுக்கு ஒரே முழங்கால்களின் படங்களும் அளவுகளும் தரப்பட்டன. செய்யப்போவதை முன்னரே எழுதிவைக்க வேண்டும்; வழியில் மாற்றினால் அதையும் எழுத வேண்டும். இம்முயற்சியின் திட்டம் 2019-லும், மாதிரிகளின் ஒப்பீடு 2021-லும் வெளியாயின. ஒரே தகவலிலிருந்து பிறந்த மாதிரிகள் ஒன்றுபோல் இல்லை! வெட்கப்பட்டு மறைக்காமல், வேறுபாடுகளை அவர்கள் வெளியே வைத்தனர். அதுவன்றோ அறிவியல்!

ஒன்றை மறக்கக் கூடாது. மீண்டும் அதே விடை வந்துவிட்டால் அது உண்மையாகிவிடாது. தவறான கணக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே விடையைத் தரும். கணக்கைச் சரியாகப் போட்டோமா என்பது ஒரு கேள்வி; சரியான கணக்கைத்தான் போட்டோமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உண்மையான மூட்டில் எடுத்த அளவுகளே சாட்சி சொல்ல வேண்டும்.

நம் ஆய்வகத்தில் தனி ஊசல் சோதனை நினைவிருக்கிறதா? ஒரே நூல், ஒரே குண்டு. ஆனால் நான்கு தோழியருக்கு நான்கு விடைகள். ஒருத்தி நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளந்தாள்; இன்னொருத்தி அடிவரை அளந்தாள். இருவருமே அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்து விடையைத் திருத்திக்கொண்டவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருத்தி.

அன்று கெட்டது ஒரு மதிப்பெண் மட்டுமே. நாளை நம்மில் ஒருத்தி மருத்துவராகலாம், பொறியாளராகலாம். அவள் எழுதும் ஓர் எண்ணை நம்பி, யாரோ ஒரு பாட்டியின் முழங்காலில் கத்தி வைக்கப்படலாம். ஆகவே தோழியரே, வந்த அளவையே எழுதுவோம். எப்படி வந்தது என்பதையும் எழுதுவோம்.