வற்றாத சுனை

அரூரிலிருந்து ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர் தொலைவில் தீர்த்தமலை இருக்கிறது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். இராமபிரான் தம் வழிபாட்டிற்கு நீர் வேண்டி அம்பெய்து உண்டாக்கியதென்று தலபுராணம் கூறும் இராம தீர்த்தம் அங்கே உயர்ந்த பாறையினின்றும் விழுகிறது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் அது. மேலே நின்று கீழே நோக்கினால் வானம் பார்த்த பூமிதான் கண்ணுக்கெட்டிய மட்டும் தெரியும். கேழ்வரகும் சாமையும் விளையும் நிலம். மழை பொய்த்தால் அவையும் இல்லை. கீழே கிணறுகள் வறண்டு கிடக்க, மேலே பாறையில் நீர் விழுந்துகொண்டிருக்கும் காட்சியை என் இளமையில் பன்முறை கண்டிருக்கிறேன்.

அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பெய்யாத காலம் அது. எங்கள் கிணற்றில் சேறுதான் எஞ்சியது. தந்தையார் உழவு மாடுகள் இரண்டையும் விற்றுவிட்டார். போதாக்குறைக்கு அவ்வாண்டுதான் நான் கணக்கில் தேறவில்லை. வீட்டில் எவரும் எவரோடும் அதிகம் பேசுவதில்லை. அந்த நிலையில் என் பாட்டியார் விடியுமுன் புறப்பட்டு மலையேறிவிட்டு மாலையில் திரும்பினார். முகத்தில் களைப்பு இருந்தது. ஆனால் கலக்கம் இல்லை. “சாமியிடம் என்ன கேட்டாய்? மழையா, மாடா?” என்று சற்று ஏளனமாகவே கேட்டேன். “கேட்க என்னடா இருக்கு? அவருக்குத் தெரியாததா? பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்” என்றார்.

எனக்குக் கோபந்தான் வந்தது. இல்லாதவர்கள் தம்மைத் தாமே தேற்றிக்கொள்ளும் தந்திரம் இது என்று எண்ணினேன். இப்பேச்சைக் கேட்கும் மாணவர்களில் சிலரும் அவ்வாறே எண்ணக்கூடும். அது மூடத்தனமான ஐயம் அன்று. விடை காண வேண்டிய ஐயமே. எனக்கு அதற்கு விடை கிடைத்தது கல்லூரியில் பெரிய புராணம் படித்தபோதுதான்.

எங்கள் பக்கம் ஓடும் தென்பெண்ணையாறு கிழக்கே சென்று கடலூருக்கு அருகில் கடலில் கலக்கிறது. அந்தக் கடைப்பகுதியில், பண்ணுருட்டியை அடுத்த திருவாமூரில், ஏழாம் நூற்றாண்டில் திலகவதியார் என்னும் பெண்மணி வாழ்ந்தார். திருநாவுக்கரசரின் தமக்கை என்றே நாம் அவரை அறிவோம். அவரையே தனியாக நினைத்துப் பார்ப்பவர் குறைவு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கூறும் வரலாறு இது. தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் இறந்தார். திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் என்னும் படைத்தலைவர் போர்க்களத்தில் மாண்ட செய்தி அடுத்து வந்தது. தாமும் உயிர்விடத் துணிந்தார் அந்நங்கை. தம்பி காலில் விழுந்து கதறவே, அவன் பொருட்டு உயிர் தாங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவர் துன்பத்தைத் துன்பமில்லை என்று சொல்லவில்லை. சாக விரும்பும் அளவுக்கு அது அவரை வருத்திற்று. பின்பு, யாருக்காக வாழ இசைந்தாரோ அந்தத் தம்பியும் சமண சமயத்தை மேற்கொண்டு, தருமசேனர் என்னும் பெயரோடு வேறிடம் சென்றுவிட்டார். சமணத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. தமிழுக்கு அதனால் விளைந்த நன்மை பெரிது. தமக்கையின் தனிமையையே சுட்டுகிறேன். அவர் கெடில நதிக்கரையிலுள்ள திருவதிகைக்குச் சென்று, வீரட்டானக் கோயிலில் தரையைக் கூட்டுவதும், சாணமிட்டு மெழுகுவதும், மலர் பறித்து மாலை தொடுப்பதுமாகிய பணிகளை மேற்கொண்டார். தம்பிக்காக இறைவனிடம் முறையிடவும் செய்தார். மனநிறைவு என்பது விருப்பமே அற்றுப்போன நிலை என்று கருதுவோர்க்கு இது விடையாகும். தம்பி வேண்டும் என்ற ஆசை அவரை விட்டு நீங்கவில்லை. ஆயினும் தம்பி வந்த பிறகுதான் கோயிலைக் கூட்டுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

சூலை நோயால் துடித்த தம்பி ஒருநாள் இரவோடிரவாகத் திரும்பி வந்து அடிபணிந்தார். திலகவதியார் திருநீறு அளித்துக் கோயிலுக்கு அழைத்துச் செல்கிறார். எத்தனை ஆண்டுக் கண்ணீர்! அந்த விடியற்காலையிலும் அவர் கையில் துடைப்பமும், மெழுகுவதற்குரிய சாணமும், நீர்த் தோண்டியும் இருந்தன என்கிறார் சேக்கிழார். இவ்வொரு செய்திக்காகவே சேக்கிழாரை நான் வணங்குவேன். வேண்டியது கிடைத்த நாளும் கிடைக்காத நாள்களும் அப்பெண்மணிக்குப் பணியில் வேறுபடவில்லை.

இத்தகைய உள்ளம் ஒரு நாட்டிற்கோ ஒரு சமயத்திற்கோ உரியதன்று. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஜூலியன் என்னும் கிறித்தவப் பெண்மணி, கொள்ளைநோய் ஐரோப்பாவை அழித்த நூற்றாண்டில் வாழ்ந்தவர். 1373ஆம் ஆண்டில், முப்பது வயதில், இறக்கும் தறுவாயில் கிடந்தபோது பெற்ற காட்சிகளைப் பின்னர் நூலாக எழுதினார். இறைவனின் அன்பே அந்நூலின் பொருள். பிணக்குவியல்களைக் கண்ட ஊரிலிருந்து அத்தகைய நூல் எழுந்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இறையன்பு மழையைக் கொண்டுவரும் என்று நான் சொல்லவரவில்லை. அவ்வாண்டு மழை வரவேயில்லை. விற்ற மாடுகளும் திரும்பவில்லை. பாட்டியார் மலையிலிருந்து வந்த மறுநாள் காலையில் நடந்தது மட்டும் நினைவிருக்கிறது. அவர் எல்லோருக்கும் முன்னே எழுந்து வாசல் தெளித்தார். கூழைக் கரைத்து ஆளுக்கொரு குவளை கொடுத்தார். தந்தையாரின் கையில் மண்வெட்டியைத் தந்து, கிணற்றைத் தூர்வாரலாம் வா என்றார். பின்பு என் பக்கம் திரும்பி, “கணக்குப் புத்தகம் எங்கேடா?” என்று கேட்டார்.